மணலில் நின்ற கம்பம்: கடலோர வீடொன்றின் 40 மீட்டர் அலைவரிசைச் செங்குத்து ஆன்டெனா – நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் வீட்டில் நடந்தது இது. பணியிலிருந்து விடுபட்ட பிறகு அவர் தேர்வெழுதி, ஹாம் வானொலி என்று வழங்கும் அமெச்சூர் வானொலியை இயக்க உரிமம் பெற்றார். 2004 சுனாமியின்போது அந்தமானில் மற்ற தொடர்புகள் அறுந்துபோக, ஹாம் வானொலி வழியாகச் செய்திகள் வந்ததை அவர் மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது அவருடைய ஊரிலேயே மின்சாரமும் கைபேசியும் பல நாள் இல்லை. இந்த இரண்டும்தான் தம்மை இந்தப் பக்கம் திருப்பியவை என்று அவர் சொல்வார்.

தானே புயல் அவருடைய கொல்லையில் இருந்த தென்னை மரங்களையும் கொண்டுபோய்விட்டது. 40 மீட்டர் அலைவரிசையில், அதாவது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணையும் கிடைக்கம்பி ஆன்டெனா, கட்ட வேண்டுமென்றால் சுமார் 20 மீட்டர் கம்பியை உயரத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். மரம் இல்லை. அவருடைய விருப்பமும் இரவில் வளைகுடா, தென்கிழக்கு ஆசியா, ஐரோப்பா என்று தொலைவில் பேசுவதாக இருந்தது. தாழ்வாகக் கட்டிய டைபோல் தன் ஆற்றலில் பெரும்பகுதியை வானத்தை நோக்கியே அனுப்பும். செங்குத்து ஆன்டெனா அடிவானத்தை ஒட்டி அனுப்பும். ஆகவே செங்குத்தைத் தேர்ந்தெடுத்தார். நோக்கத்தை வைத்துப் பார்த்தால் அது சரியான தேர்வுதான்.

நான் அதே அலைவரிசையில் அவரோடு பேசிப் பழகியவன். ஆன்டெனா வேலையில் நீண்ட காலமாக ஈடுபட்டிருப்பதால் கம்பம் சாய்ந்த பிறகு அழைத்தார். அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்.

முதல் அமைப்பு

வீட்டின் முன்புறம், வானொலிப் பெட்டி இருந்த அறையின் சன்னலுக்கு அருகே, மதில் ஓரமாக ஆன்டெனா நின்றது. கேபிள் குறைவாகத் தேவைப்படும் என்பதற்காக அந்த இடம். 7 மீட்டர் உயர அலுமினியக் குழாய். உயரம் போதாததை ஈடுகட்ட அடியில் பிவிசி குழாயில் சுற்றிய செப்புச் சுருள். தரையிணைப்புக்கு ஓர் எர்த் பைப், அதிலிருந்து மணல்மேல் இழுத்துவிட்ட இரண்டு கம்பிகள். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து மூன்று பக்கமும் ஜி.ஐ. கம்பியால், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியால், கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கட்டியிருந்தார்கள். கம்பி குழாயைத் தொடாமல் இருக்கச் சைக்கிள் டியூப் துண்டுகளைச் சுற்றியிருந்தார்கள். கீழே, முக்கால் முழ நீள இரும்பு முளைகள் மணலில் நேர்க்குத்தாக அடிக்கப்பட்டிருந்தன.

அறையில் இருந்த மீட்டரில் நிலையலை விகிதம், ஹாம்கள் எஸ்டபிள்யூஆர் என்று சொல்வது, 1.1 காட்டியது. கேபிளும் ஆன்டெனாவும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்பதைச் சொல்லும் எண் அது. 1.0 என்பதுதான் எட்டக்கூடிய எல்லை. ஆகவே ஆன்டெனாவில் குறை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் அவருடைய குரல் தொலைவில் மெலிவாகவே போய்ச் சேர்ந்தது. அவருக்கு எல்லோரையும் நன்றாகக் கேட்டது. அவரைத்தான் பலருக்குக் கேட்கவில்லை. இந்த அறிகுறியைச் சற்று விளக்க வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் பெட்டிக்குள் எழும் இரைச்சலைவிட வானிலிருந்து வரும் இரைச்சல் பல மடங்கு அதிகம். ஆன்டெனா ஆற்றலை விழுங்கினால் குரலும் இரைச்சலும் சேர்ந்தே குறைகின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. எனவே கேட்பதில் குறை தெரியாது, அனுப்புவதில் மட்டும் தெரியும். "நன்றாகக் கேட்கிறது, ஆகவே ஆன்டெனா நன்றாக இருக்கிறது" என்ற முடிவு இந்த அலைவரிசையில் பெரும்பாலும் தவறாகப் போகிறது.

2023 நவம்பர்: கம்பம் சாய்ந்தது

புயல் எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழையின் வழக்கமான ஓர் இரவு. தொடர்மழைக்கு நடுவே பலத்த காற்று. விடியற்காலையில் எதிர்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். "வாத்தியாரே, உங்கள் கம்பம் கரண்டுக் கம்பி மேல் சாயப் போகிறது."

மூன்று முளைகளில் இரண்டு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. மூன்றாவது ஸ்டே மட்டும் பிடித்திருக்க, குழாய் தெருப்பக்கம் சாய்ந்து நின்றது. அதன் நுனிக்கும், மின்கம்பத்திலிருந்து எதிர்வீட்டுக்குப் போகும் சர்வீஸ் கம்பிக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருந்தது.

அடுத்து அவர் எடுத்த முடிவுதான் இந்த நிகழ்வில் ஆகச் சிறந்த முடிவு என்று கருதுகிறேன். அவர் கம்பத்தைத் தொடவில்லை. யாரையும் தொட விடவுமில்லை. உதவிக்கு ஓடிவந்த இளைஞர்களை மதிலுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்து, மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அவர்கள் வந்து அந்த வரியில் மின்சாரத்தை நிறுத்திய பிறகே குழாய் இறக்கப்பட்டது. ஈரத்தில் நின்றுகொண்டு, மின்கம்பிக்கு அருகில், பிடிமானமில்லாத உலோகக் குழாயை நிமிர்த்த முயல்வதைப் போன்ற ஆபத்து இந்தத் துறையில் வேறில்லை. உலகெங்கும் ஆன்டெனா வேலையில் உயிர் போவதற்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று, குழாய் மின்கம்பியைத் தொட்டுவிடுவதுதான்.

அடியில் கண்டவை

மழை ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். முளைகள் வெளியே வந்த குழிகள் தாமாகவே மூடிக்கொண்டிருந்தன. விரலால் அழுத்தினால் நீர் ஊறி வந்தது. கடலோர மணலுக்கு ஒட்டும் தன்மை இல்லை. காய்ந்திருக்கும்போது ஓரளவு உராய்வு முளையைப் பிடித்திருக்கும். நிலத்தடி நீர் மேலேறி மணலை நிறைத்துவிட்டால் அந்தப் பிடியும் போய்விடுகிறது. ஸ்டே மேல்நோக்கி இழுக்கும் திசையிலேயே முளையும் நேர்க்குத்தாக நின்றதால், உருவிக்கொண்டு வருவதற்குத் தடையாக எதுவும் இல்லை.

சைக்கிள் டியூப் துண்டுகள் வெயிலில் வெடித்து, ஓரிடத்தில் ஜி.ஐ. கம்பி நேரடியாக அலுமினியத்தில் உராய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. ஆன்டெனாவின் அடியில், சுருளிலிருந்து வந்த செப்புக்கம்பி அலுமினியக் குழாயில் நேரடியாகப் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. உப்புக்காற்றில் செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும். கால் அலைநீள ஆன்டெனாவில் மின்னோட்டம் மிக அதிகமாக ஓடும் இடமே அந்த அடிப்பகுதிதான். அங்கே இணைப்பு கெட்டால் இழப்பும் அதிகம்.

பழைய இடத்திலேயே குழாயைச் சற்று நேரம் நிமிர்த்தி அளந்து பார்க்க விரும்பினேன். அங்கே மீண்டும் நிமிர்த்துவதில்லை என்று ஆசிரியர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதே சரி. எர்த் பைப்பையும் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், அதே குழாயை அதே அமைப்பில், நைலான் கயிறுகளால் தற்காலிகமாக நிறுத்தினோம். ஜி.ஐ. கம்பிகள் இல்லாததால் ஒத்திசைவு, அதாவது ஆன்டெனா இயல்பாக இசையும் அதிர்வெண், இடம் மாறியிருந்தது. சுருளின் இணைப்பைச் சுற்றுக்குச் சுற்று நகர்த்தி 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தோம். பிறகு, அறைக்குள் அல்லாமல் ஆன்டெனாவின் அடியிலேயே, நானோவிஎன்ஏ என்ற கையடக்கக் கருவியால் மின்தடையை அளந்தோம். நீண்ட கேபிளின் மறுமுனையிலிருந்து அளந்தால் கேபிளின் இழப்பு விகிதத்தை அழகாக்கிக் காட்டிவிடும்.

கருவி 50 ஓம் காட்டியது. கேபிளும் 50 ஓம். மீட்டர் ஏன் 1.1 காட்டியது என்பது புரிந்தது.

ஆனால் அந்த 50 ஓம் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 42 மீட்டர். அதில் 7 மீட்டர் என்பது ஆறில் ஒரு பங்கு. இந்த உயரமுள்ள செங்குத்துக்குக் கதிர்வீச்சுத் தடை, அதாவது உண்மையில் அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் பகுதி, ஏறக்குறைய 12 ஓம்தான். சுருளுக்கு 3 ஓம் என்று வைத்தால், மீதி 35 ஓம் மண்ணின் இழப்பு. 100 வாட் கொடுத்தால் 24 வாட் வானத்துக்கு, 70 வாட் மணலைச் சூடாக்க, மீதி சுருளுக்கு. மீட்டரில் தெரிந்த சரியான பொருத்தம், மண்ணின் இழப்பு தற்செயலாக 50 ஓமை நிரப்பியதால் வந்தது.

ஆசிரியருக்கு இதைக் கணக்காகச் சொல்வதைவிடக் கண்ணால் காட்டலாம் என்று, நான்கு கம்பிகளை ஆன்டெனாவின் அடியிலிருந்து மணல்மேல் விரித்து எர்த் பைப்போடு இணைத்தேன். 50 ஓம் 33 ஓமுக்கு இறங்கியது. நிலையலை விகிதம் 1.5க்கு ஏறியது.

"சார், விகிதம் ஏறிவிட்டதே. கெட்டுவிட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. இழப்பு குறைந்திருக்கிறது. பன்னிரண்டு ஓம் அப்படியே இருக்கிறது, மண் விழுங்கியது பாதியாகிவிட்டது."

நாற்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவர். அவரே தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். பன்னிரண்டை முப்பத்து மூன்றால் வகுத்து, 36 விழுக்காடு என்று எழுதிவிட்டு, 24 விழுக்காட்டில்தான் இவ்வளவு நாளும் பேசியிருக்கிறோம் என்றார். அதன் பிறகு மீட்டரை வைத்து மட்டும் முடிவெடுக்கும் பேச்சு எழவில்லை.

இடமும் உயரமும்

முதல் முடிவு இடம் பற்றியது. கொல்லை சுமார் 12 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம். தெருவின் மின்கம்பிக்கும் ஆன்டெனாவின் அடிக்கும் இடையே, கம்பத்தின் முழு உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாத தூரம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எந்தப் பக்கம் எப்படி விழுந்தாலும் கம்பியைத் தொடக்கூடாது. கேபிள் நீளமாகும் என்ற குறை இருந்தது. 7 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-213 போன்ற தடித்த கேபிளின் கூடுதல் இழப்பு, மண் விழுங்கியதோடு ஒப்பிட்டால் கணக்கில் எடுக்க வேண்டியதே இல்லை.

அடுத்து உயரம். 7 மீட்டரை வைத்துக்கொண்டு, அடியிலிருந்து ஆரங்களாக மண்ணில் விரியும் ரேடியல் கம்பிகளை மட்டும் கூட்டலாம். அல்லது கால் அலைநீளத்துக்கு, சுமார் 10 மீட்டருக்கு, உயர்த்தலாம். முழு உயரத்தில் கதிர்வீச்சுத் தடை 36 ஓமாக, மூன்று மடங்காகிறது, சுருளே வேண்டாம். ஆனால் காற்றுச் சுமை கூடும். ஏற்கெனவே சாய்ந்த கம்பத்தை இன்னும் உயர்த்துவதா என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆகவே காற்றுக் கணக்கை முதலில் போட்டோம்.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை 875 சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரைக் குறிக்கிறது. அந்த வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். சராசரி 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள 10 மீட்டர் குழாய் காற்றுக்குக் காட்டும் பரப்பு 0.35 சதுர மீட்டர்; உருளை வடிவத்துக்கு 1.2 என்ற கெழுவைச் சேர்த்தால் மொத்த விசை சுமார் 630 நியூட்டன், அதாவது 64 கிலோ எடை. கீழ் வரிசை ஸ்டேயைக் கணக்கில் சேர்க்காமல், 6 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரே ஸ்டே முழுவதையும் தாங்குகிறது, அது தரையோடு 45 பாகைக் கோணத்தில் இறங்குகிறது என்று வைத்தால், கயிற்றில் 75 கிலோ இழுவை வரும். இதில் 53 கிலோ நேர் மேல்நோக்கிய இழுப்பு. எண்கள் கையில் வந்ததும் பயம் குறைந்தது. 75 கிலோவைத் தாங்கும் பிடிமானத்தை மணலிலும் செய்ய முடியும்; முளையால் மட்டும் முடியாது. முழு உயரத்துக்கே போவது என்று முடிவானது.

மண்ணில் விரித்த கம்பிகள்

உயரத்தைத் திருத்துவதற்கு முன்னால் ரேடியல் கம்பிகளைப் பதிப்பது என்று வரிசை வகுத்தோம். கம்பிகள் கூடக்கூட ஒத்திசைவு இடம் கொஞ்சம் நகரும். முதலிலேயே குழாயை வெட்டிவிட்டால் பிறகு ஒட்ட முடியாது.

1937இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, நடுத்தர அலை வானொலிக் கோபுரங்களின் அடியில் 120 கம்பிகளைப் புதைப்பது வழக்கமாயிற்று. வீட்டுக் கொல்லைக்கு அத்தனை தேவையில்லை. முதல் சில கம்பிகளே பெரும்பகுதி பயனைத் தந்துவிடுகின்றன. பிறகு ஒவ்வொன்றும் தரும் பயன் குறைந்துகொண்டே போகிறது. தரையில் கிடக்கும் கம்பிகளின் நீளம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டியதும் இல்லை. மண்ணோடு ஒட்டியிருப்பதால் அவை தனியாக ஒத்திசைவதில்லை. வீட்டுச் சுவர் இருக்கும் பக்கம் 5 மீட்டர், கொல்லை நீளும் பக்கம் 10 மீட்டர் என்று இடம் கொடுத்தபடி போட்டோம்.

வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் பிவிசி உறையிட்ட செப்புக்கம்பியையே வாங்கினோம். உறை இருந்தாலும் வேலைக்குக் குறைவில்லை. உப்பு மணலில் வெறும் செம்பைவிட நெடுநாள் உழைக்கும். மண்வெட்டியின் நுனியால் மணலைக் கீறி, இரண்டு விரற்கடை ஆழத்தில் கம்பியைக் கிடத்தி, காலால் மூடிக்கொண்டே போனால் போதும். எல்லாக் கம்பிகளும் அடியில் ஒரு துருப்பிடிக்காத எஃகு வளையத்தில் சேர்ந்தன. செம்பும் அலுமினியமும் எங்கும் நேரடியாகத் தொடவில்லை.

இணைக்க இணைக்க அளந்தோம். நான்கு கம்பிகளில் 62 ஓம். எட்டில் 51. பதினாறில் 44. அதற்கு மேல் சேர்த்தவை எண்ணை ஒரு ஓம் அளவுக்கே அசைத்தன, பதினாறோடு நிறுத்தினோம்.

எட்டுக் கம்பி என்ற கட்டத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே நிலையலை விகிதம் ஏறக்குறைய 1.0. மீட்டரைப் பார்த்து வேலை செய்பவர் அங்கேயே கருவியை மூடி வைத்திருப்பார். 36ஐ 51ஆல் வகுத்தால் 71 விழுக்காடு. பதினாறில் விகிதம் 1.14ஆக உயர்ந்தது, செயல்திறன் 82 விழுக்காடானது. அந்தச் சிறு பொருத்தக் குறைவால் நடைமுறையில் எந்தத் தீங்கும் இல்லை. முதல் அமைப்பின் 24 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் 5.3 டெசிபெல் உயர்வு. கேட்கும் அலையின் வலுவைக் குறிக்க ஹாம்கள் சொல்லும் ஓர் எஸ் அலகுக்குச் சற்றே குறைவு. அதே 100 வாட் பெட்டி, மூன்றரை மடங்கு வலுவோடு பேசியது.

நீளம் திருத்தல்

71.3ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளச் செங்குத்தின் உயரம் மீட்டரில் கிடைக்கும், 7.1க்கு 10.04 மீட்டர். நாங்கள் வேண்டுமென்றே 10.3 மீட்டரில் தொடங்கினோம். ஒத்திசைவு 6.92இல் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் என்பதால் வெட்டாமல், கிளாம்ப்பைத் தளர்த்தி மேல் குழாயை உள்ளே தள்ளினாலே போதும். பத்து சென்டிமீட்டர் குறைத்தால் சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் ஏறியது. கம்பத்தைச் சாய்த்து, நகர்த்தி, நிமிர்த்தி, அளந்து என்று 7.1க்குக் கொண்டுவந்தோம். இணைப்புகளில் குழாயின் வாய்ப்பகுதியை நான்காகப் பிளந்து, உட்புறம் தேய்த்து, ஆக்சைடு படியாமல் தடுக்கும் பசையைத் தடவி முடுக்கினோம்.

ஒரு சிக்கல் எழுந்தது. கேபிளைக் கையால் தூக்கினால் கருவியில் எண் மாறியது. கேபிளின் வெளியுறையும் ஆன்டெனாவின் பகுதியாக வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் கேபிளையே பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, வெளியுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக்காக ஆன்டெனாவின் அடியில் வைத்ததும் எண் அசையாமல் நின்றது. அளவீடு இப்படி நிலைப்பதற்கு முன்னால் எந்த எண்ணையும் நம்பி எதையும் வெட்டக்கூடாது.

ஸ்டே கயிறும் புதைத்த கல்லும்

மூன்று ஸ்டே போதும் என்பதுதான் பொதுவான வழக்கம். நாங்கள் நான்கு திசைக்கு நான்கு என்று முடிவு செய்தோம். காரணம், கம்பத்தைச் சாய்த்து இறக்கும் வசதி. அடியில் இரண்டு இரும்பு ஆங்கிள்களைக் கான்கிரீட்டில் நிறுத்தி, இடையே ஒரு போல்ட்டில் கம்பம் திரும்பும்படி வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினோம். கம்பத்துக்கும் இரும்புக்கும் இடையே லேத்தில் கடைந்த, மின்சாரம் கடத்தாத எச்டிபிஇ பிளாஸ்டிக் கட்டை. போல்ட்டின் அச்சுக்கு நேர்க்கோட்டில் இரண்டு ஸ்டேக்கள் இருந்தால், கம்பம் இறங்கும்போதும் ஏறும்போதும் அவை தளராமல் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று ஸ்டேயில் அது கிடைக்காது. இறக்கும்போது கம்பம் பக்கவாட்டில் புரளும்.

கயிறு பாலியஸ்டர். மீன்பிடித் துறைமுகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரோப்பிலின் கயிறு வெயிலில் நைந்து தூளாகிவிடும்; நைலான் நனைந்தால் நீளும். பாலியஸ்டர் இரண்டையும் தாங்கும். உலோகம் இல்லாததால் ஒத்திசைவையும் தொடுவதில்லை. மேல் வரிசை 6 மீட்டரில், கீழ் வரிசை 3 மீட்டரில். உச்சியில் உள்ள நான்கு மீட்டரைக் காற்றில் வளையவிட்டோம். மெலிந்த மேல் குழாய் வளைந்து கொடுப்பது நல்லது.

பிடிமானத்துக்கு உள்ளூரிலேயே நல்ல பொருள் கிடைத்தது. வேலிக்கு நடும் கருங்கல் தூண்களில் உடைந்தவை ஒரு கல்பட்டறையின் ஓரத்தில் கிடந்தன. முக்கால் மீட்டர் நீளத் துண்டுகளை எடுத்து, துத்தநாகம் பூசிய சங்கிலியை நடுவில் சுற்றி, 90 சென்டிமீட்டர் ஆழத்தில், இழுவைக்குக் குறுக்காகப் படுக்கவைத்துப் புதைத்தோம். சங்கிலி ஸ்டேயின் சாய்வுக்கு நேராக வெளியே வரும்படி மணலைச் சரிவாக வெட்டினோம். கல்லுக்கு நேர்மேலே இருக்கும் மணலின் கன அளவு சுமார் 0.1 கனமீட்டர், காய்ந்த நிலையில் 160 கிலோ. ஆனால் நவம்பரில் நிலத்தடி நீர் மேலேறும்போது மிதப்பு விசையால் மணலின் எடை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிடும். முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்ததும் அதே நிலையில்தான். ஆகவே 90 கிலோ என்றே வைத்துக் கணக்குப் பார்த்தோம். மேல்நோக்கிய 53 கிலோவுக்கு அது போதும். பக்கவாட்டு மணலின் பிடி அதற்கு மேல் கூடுதல்.

சங்கிலிக்கும் கயிற்றுக்கும் இடையே, திருகி இறுக்கும் டர்ன்பக்கிள். அதிர்வில் தானே அவிழ்ந்துகொள்ளாமல் இருக்க அதன் நடுவே ஒரு கம்பியைக் கோத்துக் கட்டினோம்.

மின்னலும் வேலியும்

இடியுடன் கூடிய மழை வரும் மாதங்களில், பயன்படுத்தாத நேரம் முழுவதும் கேபிள் பெட்டியிலிருந்து கழற்றப்பட்டு அறைக்கு வெளியே எர்த் பைப்போடு இணைந்திருக்கும். காற்றில் சேரும் நிலைமின்சாரம் வடிந்துபோக ஆன்டெனாவின் அடியிலிருந்து தரைவளையத்துக்கு ஒரு சோக் உண்டு. ஒலிபரப்பும்போது குழாயைத் தொட்டால் தோல் சுடும் என்பதால் அடியைச் சுற்றி மூங்கில் தடுப்பு போட்டோம். கொல்லையில் ஆடுகளும் பிள்ளைகளும் நடமாடுகின்றன.

பின் நடந்தவை

2024 கோடையில் புதிய ஆன்டெனா நின்றது. அதே பெட்டி, அதே 100 வாட். முன்பு பலமுறை அழைத்தும் பதில் வராத தொலைதூர நிலையங்கள் முதல் அழைப்பிலேயே பதில் சொல்லத் தொடங்கின. வானத்தின் நிலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் இதை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது. அடியில் அளந்த ஓம் கணக்கையே நான் உறுதியான சான்றாக வைக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி மணல் நனைந்ததும் 44 ஓம் 41ஆக இறங்கியது. புதிய கயிறுகள் முதல் மழையில் சற்றுத் தளர்ந்தன. டர்ன்பக்கிளைத் திருகி இறுக்கினோம். காற்றுமழை நாள்களில் சங்கிலி வெளிவரும் இடத்தில் மணல் பிளக்கிறதா என்று ஆசிரியர் தினமும் பார்த்தார். பிளவு தென்படவில்லை.

இறக்குவதற்கு ஒரு விதி வகுத்திருந்தோம். கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் கம்பம் தரைக்கு வந்துவிட வேண்டும். விநாடிக்கு 50 மீட்டரைத் தாங்கும் என்று தாளில் இருந்தாலும், பறந்துவரும் தகரத்துக்கும் முறிந்து விழும் கிளைக்கும் கணக்கு இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. முந்தைய நாளே ஆசிரியரும் அவருடைய மருமகனும் கம்பத்தை இறக்கி, கொல்லையோரம் கட்டிவைத்துவிட்டார்கள். ஆகவே புதைத்த கற்கள் புயலில் சோதிக்கப்படவில்லை. வழக்கமான பருவக்காற்றில் மட்டுமே சோதிக்கப்பட்டுள்ளன.

புயல் கொட்டிய மழையில் கொல்லையில் நீர் நின்றது. வடிந்தபின் பார்த்தால் சில ரேடியல் கம்பிகள் மேலே தெரிந்தன. ஒரு பக்கச் சங்கிலியின் குழி கொஞ்சம் அரித்திருந்தது. கம்பத்தை நிமிர்த்தி, மின்சாரம் இல்லாததால் பேட்டரியில் பெட்டியை இயக்கினார் ஆசிரியர்.

அங்கேதான் இந்த அமைப்பின் எல்லை தெரிந்தது. பகலில் சென்னையையும் அண்டை மாவட்டங்களையும் அழைத்தார். குரல் மிக மெலிவாகவே போய்வந்தது. அந்தி சாய்ந்ததும் தொலைதூரம் திறந்துகொண்டது; பக்கத்தில் இருப்பவர்கள் அப்போதும் கிடைக்கவில்லை. செங்குத்து ஆன்டெனா தலைக்கு நேர்மேலே ஏறக்குறைய எதையும் அனுப்புவதில்லை. நூறு, இருநூறு கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர்களோடு பேச, நேர்மேலே போய், அயனமண்டலத்திலிருந்து நேர்கீழே இறங்கும் அலைதான் வேண்டும். தொலைவுக்காகத் தேர்ந்தெடுத்த அதே குணம், அவர் உரிமம் வாங்கியதற்கே காரணமான பேரிடர் நேரத்தில் அவரைத் தனியாக நிறுத்தியது. இதை முதலிலேயே பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். ஆன்டெனா எதற்கு என்ற கேள்விக்கு அவரிடம் இரண்டு விடைகள் இருந்தன. ஒன்றுக்கு மட்டுமே கம்பம் நின்றது.

மாற்ற வேண்டியவை

ரேடியல் கம்பிகளை இன்னும் ஆழமாக, நான்கு விரற்கடைக்காவது, பதிக்க வேண்டும். ஓடும் நீருக்கு இரண்டு போதவில்லை. சங்கிலி உப்பு மணலில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பார்க்க ஆண்டுக்கு ஒரு பக்கத்தைத் தோண்டிப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். முதல் ஆய்வில் சங்கிலி நன்றாகவே இருந்தது. ஆனால் கயிறு டர்ன்பக்கிளின் வளையத்தில் நேரடியாக மடங்கிய இடத்தில் இழைகள் அறுந்திருந்தன. இப்போது எல்லா மடிப்புகளிலும், கயிறு தேயாமல் காக்கும் உலோக வளைவான திம்பிள் போடப்பட்டிருக்கிறது. இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் செலவு மிகச் சிறியது.

அருகில் பேசுவதற்கு, மொட்டைமாடியின் பின்மூலையில் 6 மீட்டர் குழாயை நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டராகச் சரியும் தலைகீழ் வி டைபோல் ஒன்றைக் கட்டுகிறோம். அதன் இரு முனைகளும் தெருவுக்கு எதிர்ப்புறம், கொல்லையின் இரு மதில்களை நோக்கி இறங்கும். அறுந்து விழுந்தாலும் மின்கம்பி எட்டாது. செங்குத்துக் கம்பம் இறக்கப்பட்டிருக்கும் புயல் நாளிலும் தாழ்வான இந்தக் கம்பியை விட்டுவைக்கலாம். குழாய்க்கான கிளாம்ப்புகள் பட்டறையிலிருந்து வந்துவிட்டன; பருவமழைக்கு முன் கட்டி, அடியில் வைத்து அளந்துவிட்டுத்தான் கேபிளை அறைக்குள் கொண்டுபோவோம்.